வெளிநாட்டுப் பயணத்துக்குக் கைப்பேசி வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம், வருடத்துக்கு இரண்டு முறை திருச்சி போகிறோம். டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பான். மகள் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் படிக்கப் போகிறாள். 700 வெள்ளிக்குள் எந்தப் போன் வாங்கினால் எல்லா இடத்திலும் வேலை செய்யும்? இப்போது எங்களைப் பார்க்க வந்திருக்கும் அம்மா ஊருக்குத் திரும்பும்போது அவருக்கும் இங்கேயே ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

700 வெள்ளிக்குள் தாராளமாக முடியும். ஆனால் கடையில் போனின் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் போனுக்குள் நாட்டுக்கு நாடு வேறு வேறு பாகங்கள் இருக்கின்றன. ஐபோன் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏ2846 அமெரிக்காவுக்கு, ஏ3089 ஜப்பான், கனடா போன்ற நாடுகளுக்கு, ஏ3092 சீனா, ஹாங்காங்குக்கு, ஏ3090 சிங்கப்பூர் உள்ளிட்ட மற்ற நாடுகளுக்கு. அமெரிக்க ஐபோனில் 14-ஆம் வரிசையிலிருந்து சிம் அட்டை போடும் இடமே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் இ-சிம் மட்டும்தான். சீன, ஹாங்காங் ஐபோன் 15-இல் இரண்டு சிம் அட்டை போடலாம், இ-சிம் கிடையாது. பெயரும் நிறமும் ஒன்றுதான். பயணத்தில் மட்டும் அமெரிக்க, சீன, சிங்கப்பூர்ப் போன்கள் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய் மாடல் நம்பர் வரியை ஒரு முறை தட்டினால் ‘ஏ’ என்று தொடங்கும் இந்த எண் தெரியும். சாம்சங்கில் அபௌட் போன் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கடைசி எழுத்துதான் முக்கியம். கேலக்ஸி எஸ்24-இல் எஸ்எம்-எஸ்921பி என்றால் பல நாடுகளுக்கான பதிப்பு, யூ என்று முடிந்தால் அமெரிக்கா, என் என்றால் கொரியா. அந்த எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் எந்தெந்த 4ஜி பேண்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். கடைக்காரர் சொல்வதையோ விளம்பரத் தாளையோ இதற்கு நம்ப வேண்டாம்.

எந்த நாட்டுக்கு எந்த பேண்ட்

பேண்ட் என்பது தொலைத்தொடர்பு நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைக்கு வைத்த எண். 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் நகரத்தில் வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. 700 முதல் 900 வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், தடித்த சுவரையும் தாண்டும். வெளிநாட்டில் ‘ஊருக்குள் நன்றாக இருந்தது, வெளியே போனதும் சிக்னல் போய்விட்டது’ என்று பலர் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலும் அந்த நாட்டின் தாழ்ந்த பேண்ட் அவர்கள் போனில் இல்லாததுதான். பேண்ட் 1-உம் 3-உம் ஏறக்குறைய எல்லாப் போனிலும் இருக்கும். அமெரிக்கா தவிர்த்து நீங்கள் போகக்கூடிய பெரும்பாலான நாடுகளில் அவை உண்டு. ஆகவே அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். தாழ்ந்த பேண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

தமிழ்நாட்டுக்கு: ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40. இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். கிராமத்து வீட்டின் உள்ளறையில் ஜியோ எடுப்பது பெரும்பாலும் இதனால்தான். ஏர்டெல்லுக்கு 900-இல் உள்ள பேண்ட் 8. பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி 700-இல், பேண்ட் 28. ஆக 5, 8, 28, 40 நான்கும் இருந்தால் திருச்சியிலும் சரி, அதைத் தாண்டிய கிராமத்திலும் சரி, எந்த நிறுவனத்துக்கும் மாறிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் முறையாக விற்கும் போன்களில் இவை பெரும்பாலும் இருக்கும்.

ஜப்பான்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நாடு. டோக்கோமோவின் தாழ்ந்த பேண்ட் 19, ஏயூ நிறுவனத்துக்கு 18-உம் 26-உம், சாஃப்ட்பேங்குக்கு 8. நடுத்தர விலைப் போன்களில் பலவற்றில் 18, 19 இருக்காது. தோக்கியோ, ஓசாக்காவுக்குள் சுற்றினால் வித்தியாசம் தெரியாது. மலைப்பக்கம், பனிச்சறுக்கு இடங்கள், வெந்நீர் ஊற்றுள்ள சிற்றூர்கள் என்று போனால் தெரியும். அப்படிப்பட்ட போன்தான் கையில் இருக்கிறது என்றால், சாஃப்ட்பேங்க் கட்டமைப்பில் ஓடும் பயண இ-சிம்மை வாங்குங்கள். பேண்ட் 8 உங்கள் போனில் நிச்சயம் இருக்கும்.

ஆஸ்திரேலியாவுக்கு 28 கட்டாயம், 5-உம் 8-உம் இருந்தால் நல்லது. ஐரோப்பாவுக்கு 20, 28. அமெரிக்கா தனி உலகம்: 2, 4 அல்லது 66, 5, 12, 13, 71. அங்கே அடிக்கடி போகிறவர்கள் மட்டும் இந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டினால் போதும். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்துக்கு, பேண்டைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்ப் போன் எதுவும் சிரமம் தராது.

5ஜி பேண்டுகளுக்காக மெனக்கெட வேண்டாம். என்78 இருந்தால் இந்தியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, மலேசியா எல்லாவற்றுக்கும் ஆகும். ரோமிங்கில் பல இடங்களில் 4ஜிதான் கிடைக்கும், வரைபடத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் அது போதும்.

பேச்சு அழைப்புதான் இப்போது பெரிய சிக்கல்

முன்பெல்லாம் 4ஜி இணையம் கிடைக்காவிட்டாலும் 2ஜி, 3ஜி வழியாகப் பேச முடிந்தது. அந்தப் பழைய கட்டமைப்புகளை நாடுகள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. சிங்கப்பூரில் 2ஜி 2017-இல் போயிற்று, 3ஜி 2024-இல். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை நிறுத்தின. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-இலேயே 3ஜியை முடித்துவிட்டன. ஜப்பானில் 2ஜி எப்போதோ போய்விட்டது. டோக்கோமோ தன் 3ஜிக்கு அறிவித்த கடைசி நாள் 2026 மார்ச் 31. இந்த நாடுகளில் குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்டிஇ.

போனில் வோல்டிஇ இருந்தால் மட்டும் போதாது, அந்த நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பும் போனுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கோப்புகள் மென்பொருள் புதுப்பிப்போடு வருகின்றன. அதனால்தான் புதுப்பிப்பு நின்றுபோன போன்களும், சீனாவுக்கென்று தயாரித்து இணையத்தில் மலிவாக விற்கப்படும் போன்களும் வெளிநாட்டில் இணையம் தருகின்றன, பேச மட்டும் மறுக்கின்றன.

உங்கள் போன் தேறுமா என்பதை ஜொகூர் பாருவிலேயே சோதிக்கலாம். மலேசியா 3ஜியை 2021 இறுதியோடு மூடிவிட்டது, 2ஜி இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர் சிம்மில் ரோமிங்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் யாரையாவது அழையுங்கள். அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது திரையின் மேல்மூலையைப் பாருங்கள். 4ஜி அப்படியே நின்றால் வோல்டிஇ ரோமிங் வேலை செய்கிறது. 4ஜி மறைந்து ‘ஈ’ என்ற எழுத்தோ ‘2ஜி’யோ வந்தால் அழைப்பு பழைய கட்டமைப்புக்கு இறங்கிவிட்டது என்று பொருள். மலேசியாவில் பேச்சு கேட்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. இறங்குவதற்கு 2ஜி இல்லாத ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ அதே அழைப்பு போகவே போகாது.

அப்படி இறங்கினால் உடனே போனைக் குறை சொல்லிவிட வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் அந்தச் சிம்முக்கு வோல்டிஇ பொத்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் அது கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ் என்ற இடத்தில் இருக்கும். போட்டிருந்தும் இறங்கினால், உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் அந்த மலேசிய நிறுவனத்துக்கும் வோல்டிஇ ரோமிங் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். உங்கள் நிறுவனத்திடம் ‘ஜப்பானில் எந்த நிறுவனத்தோடு வோல்டிஇ ரோமிங் இருக்கிறது’ என்று கேளுங்கள். போய் இறங்கியதும் அந்தப் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். போன் இல்லாமல் சிம் மட்டும் தரும் மலிவான சிம்-ஒன்லி திட்டங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரண்டு சிம் போதாத வீடுகள்

நம்மில் பலருக்குச் சிங்கப்பூர் எண் ஒன்று, இந்திய வங்கியின் ஓடிபி வருவதற்காக உயிரோடு வைத்திருக்கும் ஊர் எண் ஒன்று. ஜப்பான் போகும்போது மூன்றாவதாக ஒரு டேட்டா இ-சிம். போனில் எத்தனை இ-சிம்களைச் சேமித்து வைத்தாலும் ஒரே நேரத்தில் இயங்குவது இரண்டுதான். ஆகவே ஜப்பானில் இருக்கும்போது சிங்கப்பூர் எண்ணும் பயண இ-சிம்மும் இயங்கட்டும். ஊர் எண்ணை, தேவைப்படும் சில நிமிடங்களுக்கு மட்டும் பயண இ-சிம்மை அணைத்துவிட்டு இயக்கிக்கொள்ளலாம். ஊர் எண்ணில் சர்வதேச ரோமிங்கை முன்கூட்டியே போட்டிருந்தால்தான் குறுஞ்செய்தி வரும். இன்னொன்று: 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இந்திய நிறுவனம் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ப்ரீபெய்டில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள்.

எந்த எண்ணை அட்டையில் வைப்பது, எதை இ-சிம்மாக மாற்றுவது? வங்கிக்கும், அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்குக்கும் கொடுத்திருக்கும் எண் அட்டையிலேயே இருக்கட்டும். வெளிநாட்டில் திரை உடைந்தால் அட்டையைப் பிடுங்கி வேறு போனில் போட்டுவிடலாம். இ-சிம் என்றால் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு புதிதாக வாங்க வேண்டும், அதற்கு அடையாளம் உறுதிசெய்ய அதே எண்ணுக்கு ஓடிபி வரும். திருடன் அட்டையை எடுத்துவிடுவானே என்று கேட்கலாம். அதற்குத்தான் சிம்மைப் பூட்டும் ரகசிய எண்ணான சிம் பின். செட்டிங்ஸில் போட்டுவிடுங்கள், ஆனால் நிறுவனம் கொடுத்த தொடக்க எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே. மூன்று முறை தவறாக அடித்தால், நிறுவனத்திடம் உள்ள பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

புதுப் போனை விமானம் ஏறும் முந்தைய நாள் வாங்காதீர்கள். சிங்கப்பூர் வங்கிகளின், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கனைப் புதுப் போனில் இயக்கினால், மோசடியைத் தடுப்பதற்காக குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். இந்தியாவில் பணம் செலுத்தும் யூபிஐ செயலிக்கு வேறு விதி. வங்கியில் பதிவான சிம் அந்தப் போனிலேயே இருந்து, அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். இரண்டு வார இடைவெளி இருந்தால் எல்லாவற்றையும் நிதானமாக மாற்றிவிடலாம்.

ஜப்பானில் சுயிக்கா பயண அட்டையைப் போனிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ஐபோன் 8-க்குப் பிறகு வந்த எந்த நாட்டு ஐபோனிலும் முடியும். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் முடியாது.

கடையில்

முஸ்தஃபாவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ கேட்டால் ‘லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா’ என்பார்கள். எக்ஸ்போர்ட் செட் வேறு நாட்டுச் சந்தைக்கு வந்த போன், விலை குறைவு. அதில் உள்ளூர் உத்தரவாதம் இருக்காது, பேண்டுகளும் மாறலாம். இந்தத் தேவைக்கு லோக்கல் செட்டே வாங்குங்கள். மிச்சமாகும் தொகை ஒரு முறை திரை மாற்றவே போய்விடும்.

உங்கள் 700 வெள்ளிக்கு, புதிய நடுத்தர மாடலைவிட ஓரிரண்டு ஆண்டு பழைய உயர்நிலை மாடலை, பயன்படுத்திய லோக்கல் செட்டாக வாங்குவதையே பரிந்துரைப்பேன். பேண்டுகளின் எண்ணிக்கையில்தான் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. சாம்சங் எஸ்24-இலிருந்தும் கூகுள் பிக்சல் 8-இலிருந்தும் 7 ஆண்டுப் புதுப்பிப்பு உறுதி தந்திருக்கிறார்கள், ஆகவே பழையது என்ற கவலை வேண்டாம். புதியதுதான் வேண்டும் என்றால் சாம்சங் ஏ வரிசையில் ஏ54-க்குப் பிறகு வந்த அந்த நிலைப் போன்களில் இ-சிம் உண்டு. ஜப்பான் பேண்டுகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய போன் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். *#06# அடியுங்கள், போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் வரும். இ-சிம் உள்ள போனில் 32 இலக்க இஐடி எண்ணும் வரும். அது வரவில்லையென்றால் இ-சிம் இல்லை. அடுத்து, ஐபோனின் அபௌட் பக்கத்தில் கேரியர் லாக் வரியில் ‘நோ சிம் ரிஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். சிங்கப்பூர் நிறுவனங்கள் விற்கும் போன்கள் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கென்று பூட்டப்பட்டு வருவதில்லை, அமெரிக்காவிலிருந்து வந்து சேரும் போன்களில்தான் இந்தப் பூட்டு இருக்கும். கடைசியாக, உங்கள் சிம்மைப் போட்டு ஒரு சாதாரண அழைப்பு செய்யுங்கள். இங்கே 2ஜியும் 3ஜியும் இல்லாததால், அழைப்பு போனாலே வோல்டிஇ இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அழைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

அம்மாவுக்கு

இங்கே வாங்கிக் கொடுக்கலாம், இந்திய 4ஜிக்குச் சிங்கப்பூர் லோக்கல் செட் சரியாகப் பொருந்தும். சாம்சங் என்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். சில மாடல்கள், விற்ற வட்டாரத்துச் சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிடம் பேசிய பிறகே வேறு வட்டாரத்துச் சிம்மை ஏற்கும். பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தனுப்பினால் ஊரில் சிம் எடுக்காமல் திண்டாடுவார். நீங்களே பிரித்து, சிங்கப்பூர் சிம்மைப் போட்டு, சாதாரண அழைப்பில் பேசி முடித்துவிட்டுக் கொடுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்மா சுற்றுலா அனுமதியில் வந்திருந்தால், அவருடைய கடப்பிதழில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கும் பொருளுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியுண்டு. வேலை அனுமதியில் இருக்கும் உங்களில் யாருக்கும் அது கிடையாது.

புறப்படும் முன்

பயண இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். கியூஆர் குறியீட்டைப் பெரும்பாலும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும், இடையில் அழித்துவிட்டால் திரும்ப வராது. டேட்டாவுக்கு இ-சிம், அழைப்புக்குச் சிங்கப்பூர் எண் என்று பிரித்து வையுங்கள். சிங்கப்பூர்ச் சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கட்டும். சிக்னல் குறைந்தால் மற்ற சிம்முக்குத் தானாகத் தாவும் ‘டேட்டா ஸ்விட்சிங்’ பொத்தானையும் அணைக்க வேண்டும். எதிர்பாராத பில் வருவது பெரும்பாலும் இந்த ஒன்றை விட்டுவிடுவதால்தான். வாட்ஸ்அப் ‘எண்ணை மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பழைய எண்ணிலேயே தொடருங்கள்.

பாத்தாமுக்குப் போய் உள்ளூர்ச் சிம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தோனேசியாவில் பதிவு செய்யாத வெளிநாட்டுப் போனின் ஐஎம்இஐயை உள்ளூர்ச் சிம்மில் முடக்கிவிடுவார்கள். சுற்றுலாப் பயணிக்கு 90 நாள் பதிவு உண்டு. சிங்கப்பூர்ச் சிம்மில் ரோமிங் என்றால் இந்தத் தொல்லை இல்லை. சீனா போகிறவர்களுக்கு உள்ளூர்ச் சிம்மைவிட ரோமிங் அல்லது பயண இ-சிம் நல்லது. அதில் இணையம் வெளிநாட்டு வழியாகப் போவதால் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்கும். இந்தியாவுக்குத் தனிச் செயற்கைக்கோள் போனையோ, மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தகவல் கருவியையோ கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருந்தவர்கள் விமான நிலையத்தில் கைதாகியிருக்கிறார்கள்.

மகளுக்கு உங்கள் பழைய போனைக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் அதன் வயதைப் பாருங்கள். அவசர எண் 000-க்கு 4ஜியில் அழைக்க முடியாத போன்களைத் தங்கள் கட்டமைப்பில் அனுமதிக்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்குச் சட்டமே இருக்கிறது. சாதாரண அழைப்பு போகிறது என்பதால் அவசர அழைப்பும் போகும் என்று நம்ப முடியாது. சில பழைய போன்கள் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும். 2025 அக்டோபரில் கேலக்ஸி எஸ்6, எஸ்7 போன்ற மாடல்கள் இதில் மாட்டின. பெர்த்துக்கு வெளியே தூரம் அதிகம், ஊர்கள் குறைவு. அங்கே டெல்ஸ்ட்ராவின் 700 அலைவரிசைதான் கைகொடுக்கும். அவள் கையில் பேண்ட் 28 உள்ள, புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும் போன் இருக்கட்டும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஜப்பான் பயணத்துக்கு நீங்கள் பழைய போனோடு போங்கள், புதியதை அவளிடம் கொடுங்கள்.